பேருந்து தினம்

சென்னையில் படிக்காதவர்களுக்குப் பேருந்து தினம் என்றால் உடைந்த கண்ணாடியும் போலீஸ் தடியும்தான் நினைவுக்கு வரும். அதன் தொடக்கம் அப்படிப்பட்டதன்று. ஒரே வழித்தடத்தில் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் ஆண்டுக்கு ஒருநாள் தமக்குள் பணம் திரட்டி, வண்டிக்கு வாழைமரம் கட்டி, ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் மாலையிட்டு, வேட்டியும் சட்டைத்துணியும் கொடுக்கும் வழக்கம் அது. ஓடிவருகிறவனுக்காக அரை நிமிடம் வண்டியை நிறுத்தியவருக்கும், பஸ் பாஸை வீட்டில் மறந்தவனைக் கண்டும் காணாமல் விட்டவருக்கும் வேறெப்படி நன்றி சொல்வது? ஆசிரியர்களுக்குக்கூட நாங்கள் மாலை போட்டதில்லை.

பல்லவன் பேருந்துகள் ஓடிய 1990களின் தொடக்கத்தில் எங்கள் வழித்தடத்து நடத்துநர் ஐம்பதை நெருங்கியவர். எங்களுக்கு அவர் 'அண்ணே'. அவருக்கு நாங்கள் அனைவரும் 'தம்பி'. கோபம் வந்தால் 'டேய் தம்பி'. யாருக்கு எந்தத் தாளில் அரியர் என்பதுவரை அறிந்திருந்தார். படிக்கட்டில் தொங்குகிறவனைத் திட்டி உள்ளே இழுக்கும் உரிமையை அவர் யாரிடமும் கேட்டுப் பெறவில்லை.

மூன்றாம் ஆண்டுப் பேருந்து தினத்தன்று மாலைகள் முறையாகவே விழுந்தன. பிறகு கானாவும் மேளமும் தொடங்கின. வண்டிக்கு முன்னால் ஆடிக்கொண்டு போனவர்களால் பத்து நிமிடத் தொலைவைக் கடக்க ஒரு மணி நேரமாயிற்று. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பூர் மருத்துவமனைக்குப் புறப்பட்டிருந்த பெண்ணொருத்தி ஒன்றும் சொல்லாமல் இறங்கி நடந்தாள். இதையும் கொண்டாட்டத்தின் கணக்கில் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை.

அப்போதுதான் நண்பனொருவன் நடத்துநரின் கையிலிருந்த டிக்கெட் கட்டுகளைப் பறித்துக்கொண்டு கூரைமேல் ஏறினான். கெட்டவனல்லன், எங்களில் ஒருவனின் தேர்வுக் கட்டணத்துக்காகத் தன் கைக்கடிகாரத்தை அடகு வைத்தவன். கட்டுகளைக் கிழித்துக் கிழித்துக் கூட்டத்தின் தலையில் தூவினான். மஞ்சளும் ரோஸுமாகப் பறந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கையடக்கக் கருவிகள் வராத அந்நாளில் டிக்கெட் என்பது வெறும் தாளன்று. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. பணிமனையில் எண்ணி வாங்கியதை, விற்ற பணமாகவோ விற்காத தாளாகவோ எண்ணித் திருப்ப வேண்டும். குறைந்தால் நடத்துநர் தம் கைப்பணத்தைக் கட்ட வேண்டும்.

அவர் சத்தம் போடவில்லை. கழுத்தில் மாலையோடு இறங்கி, தார்ச்சாலையில் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். மாலையின் நுனி தரையில் இழுபட்டது. நாங்கள் ஐந்தாறு பேர் கூடச் சேர்ந்து பொறுக்கினோம். மேளம் நிற்கவில்லை. "பூ மாரி கீதுண்ணே!" என்று கூரையிலிருந்து அவன் கத்தியது கேட்டது.

சாலையோரம் உட்கார்ந்து எண்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது 60க்கு மேல் குறைந்தன. திரட்டிய பணத்தில் மீந்ததை நீட்டினோம். அவர் வாங்கவில்லை. மாலையைக் கழற்றி இருக்கையில் வைத்துவிட்டு விசிலை ஊதினார்.

மறுநாள் அதே வண்டி. "பாஸைக் காட்டுங்க" என்றார். படிக்கட்டில் நின்றவனிடம், "உள்ள வாங்க சார்" என்றார். கல்லூரி முடியும்வரை 'தம்பி' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நாங்கள் மீண்டும் கேட்கவில்லை.

2011இல் சென்னை உயர் நீதிமன்றம் பேருந்து தினத்துக்குத் தடை விதித்தது. 2019 ஜூனில், தடையை மீறிக் கூரையில் ஏறிய மாணவர்கள், வண்டி சட்டென்று நின்றபோது கொத்தாகச் சரிந்து விழுந்ததைப் பலரும் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். கல்லும் ரத்தமும் வந்தபிறகு எல்லை மீறல் என்று சொல்ல எவருக்கும் தயக்கமில்லை. எங்கள் வண்டியில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. எவரும் புகார் கொடுக்கவில்லை. ஆனால் மாலையை ஏற்றுக்கொண்டவரால் உடனே கோபப்பட முடியாது. அன்பின் பேரால் கையைக் கட்டிவிட்டுச் செய்தது அது. அடியைவிட அதுவே அவரை அதிகம் அவமதித்தது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

அந்த நண்பனின் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். நாங்கள் கூடும்போதெல்லாம் அவன் அந்த நாளைச் சொல்லத் தொடங்குவான். வாழைமரம், மேளம், வேட்டியின் கரை நிறம், எல்லாம் வரும். நடத்துநரை 'நம்ம அண்ணன்' என்பான். மாலையோடு வண்டி புறப்படும் இடத்தில் கதையை நிறுத்திவிட்டு டீ சொல்லப் போய்விடுவான்.