ஊர்லாப்

டொச்சில் விடுமுறைக்கு 'ஊர்லாப்' என்று பெயர். ஜேர்மனிக்கு வந்த புதிதில் அந்தச் சொல்லுக்குள் 'ஊர்' இருப்பதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். பிறகுதான் விளங்கியது, எங்கடை ஆக்களைப் பொறுத்தவரை அது பகிடி இல்லை, உண்மை என்று. எங்களுக்கு லீவு என்றால் ஒன்றில் ஊருக்குப் போவது. இல்லாட்டி லண்டனில் ஒரு சாமத்தியவீடு, பாரிசில் ஒரு கலியாணவீடு, கனடாவில் ஒரு செத்தவீடு. சும்மா போய் இருந்துவிட்டு வருவதற்காக ஒரு இடத்துக்குக் காசு குடுத்துப் போவது என்பதை நான் வந்த 25 வருடத்தில் ஒருக்காலும் செய்ததில்லை.

2025 செப்டெம்பர் கடைசியில் செய்தேன். எல்லாம் மகளின் வேலை.

"அப்பா, ரண்டு இரவு, காலமைச் சாப்பாட்டோடை. காசு கட்டியாச்சு. போகாட்டித் திருப்பித் தரமாட்டினம்."

கடைசி வசனத்தைத்தான் அவள் யோசித்துச் சொல்லியிருக்கிறாள். காசு வீணாகப் போகும் என்றால் அப்பா கிளம்பிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

"எங்கை?"

"மோசலுக்கு. நீங்கள்தானே அந்தப் போத்திலைச் சட்டிக்குள்ளை ஊத்திறனீங்கள்."

அது சரிதான். கோப்பை கழுவத் தொடங்கி, சலாட் வெட்டி, இப்போது அடுப்படியில் நிற்கிறேன். செப்டெம்பர் பிறந்தால் எங்கள் கடையில் மட்டி அவியும். கரட், லீக்ஸ், வெங்காயம், அதோடு மோசல் ரீஸ்லிங் வைன். எத்தனை ஆயிரம் போத்தில் ஊற்றியிருப்பேன் என்று கணக்கில்லை. அந்த வைன் விளைகிற மலை, நான் இருக்கும் எசன் நகரத்திலிருந்து றெயினில் நாலு மணித்தியாலத்துக்குள் இருக்கிறது. ஆனாலும் போனதில்லை.

போகாததற்கு முதல் காரணம் சட்டம். 2000ஆம் ஆண்டு அகதியாக வந்து ஒரு சின்னப் பட்டணத்துக் கைமில் இருந்தபோது, எங்களுக்கென்று எழுதிய மாவட்டத்தை விட்டு வெளியில் போகக் கடிதம் வேண்டும். பக்கத்து மாவட்டத்தில் இருந்த கூட்டாளியைப் பார்க்கக் கடிதமில்லாமல் போய் றெயினில் பிடிபட்டேன். கையில் தந்த காசு மாதம் 80 மார்க். தண்டம் அதைவிடக் கூட. 2015 ஜனவரியில்தான் அந்தச் சட்டத்தைப் பெருமளவு தளர்த்தினார்கள். எனக்கு அதுக்கு முதலே விசா கிடைத்துவிட்டது. ஆனால் சட்டம் போன பிறகும் பழக்கம் போகாது. வேலை, வீடு, கோயில், தமிழ்க்கடை. மாவட்டத்தை நானே எனக்கு எழுதி வைத்துக்கொண்டேன்.

இந்த முறை பொக்கற்றில் 58 யூரோ டொச்லாண்ட் ரிக்கற். ரிக்கற் பார்க்க வந்தவரைக் கண்டதும் வழமைபோல நெஞ்சு ஒருக்கால் இடித்தது. மனிசி பார்த்துவிட்டாள்.

"என்னப்பா, இன்னும் அந்தப் பயம் போகேல்லையே?"

கொப்ளன்சில் மோசல் ஆறு ரைன் ஆற்றோடு சேர்கிறது. அங்கே றெயின் மாறினால் பாதை ஆற்றங்கரையோடேயே ஓடும். இரண்டு பக்கமும் மலை, மலை முழுக்கக் கொடி. கொஹெம் என்ற பட்டணத்தில் இறங்கினோம். மேலே கோட்டை, கீழே ஆறு, நடுவில் உல்லாசப் பயணிகள். அடுத்த நாள் அங்கிருந்து ஒரு ஸ்ரேசன் தள்ளி எல்லர் என்ற கிராமத்துக்குப் போனோம். அந்த ஒரு ஸ்ரேசனுக்கு இடையில் 4.2 கிலோமீற்றர் நீளச் சுரங்கம். 1879இல் திறந்தது. மலையைச் சுற்றி ஆறு இருபது கிலோமீற்றருக்கு மேல் வளைந்து வருகிற தூரத்தை றெயின் ஒரு சில நிமிடத்தில் குறுக்கறுத்துவிடுகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான் இரண்டு வருடம் படித்தது புவியியல். ஆறு ஏன் வளைகிறது, வெளிவளைவை அரித்து உள்வளைவில் மண்ணைக் கொண்டுவந்து போடுவது எப்படி என்று படமெல்லாம் கீறியிருக்கிறேன். வருடம் முழுக்க ஓடுகிற ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கீறிய படம். 2000இல் சண்டை வீட்டு வாசலுக்கு வந்தபோது கொப்பியையும் விட்டு, படிப்பையும் விட்டு வந்தேன். எல்லரிலிருந்து பிரெம் கிராமத்துப் பக்கம் நடந்தபோது அந்தப் படம் அப்படியே முன்னால் கிடந்தது. ஆறு ஒரு வட்டம் அடித்துத் திரும்புகிறது. உள்வளைவில் தட்டை நிலம், வெளிவளைவில் செங்குத்து மலை. கல்மொண்ட் என்று பெயர். சில இடத்தில் 65 பாகை சரிவு. ஐரோப்பாவிலேயே மிகவும் செங்குத்தான வைன் தோட்டங்களில் ஒன்று. வடலிக்கு ஏணி வைத்து ஏறியவர்கள் நாங்கள், எங்களுக்கே தலை சுற்றியது.

இந்தச் சரிவில் ஏன் நட்டார்கள் என்று கேட்பீர்கள். இது வடக்கு நாடு, வெயில் குறைவு. சரிவாக இருந்தால் வெயில் நேராக விழும். மண் முழுக்கக் கறுப்புக் கற்பலகை. பகலில் சூட்டை உறிஞ்சி இரவில் கொடிக்குக் குடுக்கும். உரோமர் காலத்திலிருந்தே இந்த ஆற்றங்கரையில் வைன் செய்கிறார்கள். ஆனால் பார்க்க வடிவான மலை, வேலை செய்கிறவனுக்கு வடிவில்லை. மெசின் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் ஒரு சின்ன வண்டி ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றி இறக்கும், மிச்சமெல்லாம் கையும் காலும். இந்த ஆற்றங்கரையில் மேலே போனால் ட்ரியர் நகரம், கார்ல் மார்க்ஸ் 1818இல் பிறந்த இடம். மார்க்ஸ் இளம் பத்திரிகைக்காரனாக 1843இல் எழுதிய விசயங்களில் ஒன்று, மோசல் வைன் விவசாயிகளின் வறுமை. விலை விழுந்து சனம் நொடிந்துபோன காலம் அது.

பின்னேரம் ஒரு வைன்காரரின் முற்றத்தில் இருந்தோம். இங்கே ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. வைன் விளைவிக்கிறவர் வருடத்தில் நாலு மாதம் வரை, 40 கதிரைக்கு மேற்படாமல், தன்ரை வீட்டிலேயே தன்ரை வைனை விற்கலாம். கடைக்காரருக்கு வேண்டிய அனுமதி எல்லாம் தேவையில்லை. வாசலில் ஒரு இலைக்கொத்து தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு 'பேடவைசர்' வந்தது. முழுக்கப் புளிக்காத புது வைன். நுரைத்துக்கொண்டே இருக்கும், போத்திலை இறுக்கி மூடினால் வெடிக்கும். மனிசி மணந்து பார்த்துவிட்டு, "உங்கடை பெரியப்பா பின்னேரம் படலை திறந்து வரேக்கை வாற மணம்" என்றாள். அவள் திராட்சைச் சாறு குடித்தாள்.

ஓய்வெடுக்க வந்த இடத்தில் என்னால் இருக்க முடியவில்லை. கண் தன்பாட்டில் மேசைகளை எண்ணியது. எல்லாக் கதிரையிலும் சனம், பரிமாற ஒரே ஒரு பிள்ளை. பக்கத்து மேசையில் வெறுங்கோப்பைகள் இருபது நிமிடமாகக் கிடந்தன. எழும்பி, பெரியதுக்கு மேல் சின்னது வைத்து அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

"இஞ்சேருங்கோ, வைச்சிட்டு இருங்கோ. இது உங்கடை கடை இல்லை."

அதைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர் வந்தார். எழுபதுக்குக் கிட்ட வயது. "அடுக்கிற விதத்திலை தெரியுது, நீங்களும் இந்தத் தொழில்" என்று சிரித்தபடி எங்கள் மேசையில் இருந்தார். எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். அடுத்த கேள்வி, "அங்கை திராட்சை வளருமோ?"

வளருமோவா! எங்கள் ஊரில் அதை முந்திரிகை என்போம். தமிழ்நாட்டு வாசகர்கள் முந்திரிப்பருப்பை நினைக்க வேண்டாம், அது எங்களுக்குக் கஜு. எனது ஊர் வசாவிளான். செம்மண். அப்பாவுக்கு ஆறு பரப்பில் முந்திரிகைப் பந்தல் இருந்தது. பக்கத்தில் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபையின் ஆசிரமம், 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கியது. அவர்களின் நெல்லிரசமும் முந்திரிகை இரசமும் யாழ்ப்பாணம் முழுக்கப் பேர் போனவை. சின்ன வயதில் எனக்கு முந்திரிகை என்றால் தலைக்கு மேலே தொங்குகிற சாமான். இந்த மலையில் அது காலுக்குக் கீழே நிற்கிறது.

அப்பா வருடத்தில் இரண்டுதரம் பழம் வெட்டுவார் என்று சொன்னதும் அந்த மனிசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரண்டுதரமோ? அப்ப அந்தக் கொடி எப்ப நித்திரை கொள்ளும்?"

நான் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. இங்கே பனிக்காலம் கொடியை உறங்க வைக்கும். இலை முழுக்கக் கொட்டி, மாசியில் வெட்டி, சித்திரையில் முளை வரும். எங்கள் ஊரில் பனிக்காலம் இல்லை. விட்டால் கொடி வருடம் முழுக்க இலையாகவே ஓடும், காய்க்காது. அதனால் அப்பா தண்ணீரை நிப்பாட்டுவார். அடியைக் கிண்டி வேரை வெயிலுக்குக் காட்டுவார். இலை மஞ்சளாகி, பந்தல் சாகப் போகிற மாதிரி நிற்கும். அம்மா பயந்து ஏசுவா. அப்பா சொல்லுவார், "காய விட்டால்தான் காய்க்கும்." பிறகு கவ்வாத்துப் பண்ணி, எருப் போட்டு, தண்ணீர் விட்டால் பத்துப் பதினைஞ்சு நாளில் முளையோடு பூவும் வரும்.

அப்பாவின் வசனத்தை டொச்சில் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. விளக்கம்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உங்கடை அப்பா கையாலை பனிக்காலம் செய்திருக்கிறார்" என்றார்.

பிறகு கேட்டார், "இப்ப அந்தத் தோட்டம் ஆரிட்டை?"

1990 யூனில் நாங்கள் ஓடியபோது எனக்கு 12 வயது. வசாவிளானும் பலாலியும் உயர் பாதுகாப்பு வலயமாகியது. ஆசிரமத்துக்காரரும் எங்களைப் போலத்தான் எழும்பினார்கள். பிறகு துண்டு துண்டாகச் சில காணிகளை விட்டார்கள். எங்கடை அதில் இல்லை. அப்பா 2011இல் கோப்பாயில் ஒரு வாடகை வீட்டில் செத்தார், உறுதி றங்குப்பெட்டிக்குள். 2025 ஏப்ரலில் வசாவிளான் - பலாலி வீதியை 35 வருடத்துக்குப் பிறகு கட்டுப்பாடுகளோடு திறந்தார்கள். தம்பி மோட்டசைக்கிளில் போய்விட்டுத் தொலைபேசியில் சொன்னான்: "அண்ணை, எங்கடை எதெண்டு தெரியேல்லை. கம்பிக்கு அங்காலை எல்லாம் பத்தைதான்."

இதை அந்த மனிசனுக்குச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஆற்றுக்கு அங்காலை மலையைக் காட்டினார். பச்சைக் கோடுகளுக்கு நடுவில் ஒரு துண்டு பத்தை பற்றிக் கிடந்தது. "அது என்ரை. தாத்தா நட்டது. மூண்டு வருசமா விட்டிட்டன். ஒரு மகன் பிராங்பேர்ட்டிலை, மற்றவன் லக்சம்பேர்க்கிலை. எனக்கு முழங்கால் ஏலாது. பழம் புடுங்கிறதுக்குப் போலந்து ஆக்களும் ருமேனியா ஆக்களும் வருவினம், வருசம் முழுக்கப் பார்க்க ஆளில்லை."

தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பத்தைதான். இங்கே நிலம் கிடக்கிறது, செய்ய ஆளில்லை. அங்கே செய்ய ஆள் இருந்தது, நிலத்தைத் தரவில்லை. அவர் தன்ரை நிலத்தைத் தானே விட்டார், துக்கத்தோடுதான், ஆனால் தானே. நாளைக்கு மகன் மனம் மாறினால் ஏறிப்போய் வெட்டலாம். அப்பா கொடியைக் காயவிட்டதும் அப்படித்தான், தண்ணீர்ப் பூட்டு அவர் கையில் இருந்தது. 35 வருடம் மற்றவன் பூட்டி வைத்த நிலத்தை ஓய்வெடுக்கிற நிலம் என்று யாரும் சொல்ல ஏலாது. மனிசருக்கும் அதேதான் என்று நினைக்கிறேன். கைமில் நாங்கள் வேலையில்லாமல் மாதக்கணக்காகச் சும்மா இருந்தோம். அது ஓய்வில்லை. அந்தச் சும்மாவுக்குப் பயந்துதான் பிறகு 25 வருடம் நிற்காமல் ஓடினேன் போல.

அன்றிரவு பத்து மணித்தியாலம் நித்திரை கொண்டேன். காலமை மனிசி எழுப்பவில்லை. எழும்பியபோது யன்னலடியில் தேத்தண்ணியோடு இருந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சு வருதோ எண்டு ரண்டுதரம் வந்து பார்த்தனான்" என்றாள்.

வியாழக்கிழமை வேலை. மட்டிச் சட்டிக்கு வைன் ஊற்ற முதல், இத்தனை வருடத்தில் முதன்முறையாகப் போத்தில் லேபிளை வாசித்தேன். அந்த ஆற்றங்கரைதான், வேறொரு வளைவு.

வீட்டில் உறுதி இன்னும் இருக்கிறது. தம்பி திரும்பவும் விண்ணப்பம் குடுத்திருக்கிறான். அது ஒரு பக்கம் நடக்கட்டும். உங்களிடம் ஒரு கேள்வி: நீங்கள் கடைசியாக எப்போது, நீங்களாக விரும்பி, சும்மா இருந்தீர்கள்? கலியாணவீடும் கோயில் திருவிழாவும் கணக்கில் இல்லை.