இரும்பின் காப்பு

நூலின் தொடக்கத்தில் காப்புச் செய்யுள் பாடுவது நம் புலவர் மரபு. நூல் இடையூறின்றி முடிதல் வேண்டும் என்பது அதன் கருத்து. இரும்புக்கும் அத்தகைய காப்பு ஒன்று உண்டு. அது துத்தநாகப் பூச்சு.

ஈரமும் காற்றும் கூடினால் இரும்பு துருவேறும். அதைத் தடுக்க, ஏறத்தாழ 450 பாகை வெப்பத்தில் உருகிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்த்தெடுப்பர். பிரான்சு நாட்டுச் சொரெல் என்பார் 1837-இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். நாம் நீர் முகக்கும் வாளி பலவும் இவ்வாறு பூச்சுப் பெற்றவையே. பூச்சிற் சிறு கீறல் விழுந்து இரும்பு வெளிப்பட்டாலும், துத்தநாகம் முதலில் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். தம்மை வருத்திப் பிறரைக் காக்கும் சான்றோர் இயல்பு அதற்கு உண்டு.

இத்துணை நல்ல காப்பையும் சிலபோது நீக்க வேண்டியுள்ளது. சூலூரில் என் பழைய மாணாக்கர் ஒருவர் இரும்புப் பட்டறை நடத்துகிறார். "இதை ஏன் நீக்குகிறாய், தம்பி?" என்று கேட்டேன். "நீக்காமல் பற்றவைத்தால் வெண்புகை வருமுங்க ஐயா. அதை மூச்சில் இழுத்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல்தானுங்க" என்றார்.

அவர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான வெளியில், நெகிழித் தொட்டியில் முதலில் நீரை நிரப்பினார். பிறகே அமிலத்தை மெல்ல ஊற்றினார். அமிலத்தின்மேல் நீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். குழாயை இட்டதும் குமிழிகள் பொங்கின. அவை எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன். ஆதலின் அருகில் நெருப்பு ஆகாது. குமிழி தணிந்தால் துத்தநாகம் கரைந்துவிட்டது என்பது பொருள். அதன் பின்னும் விட்டுவைத்தால் அமிலம் இரும்பையே தின்னத் தொடங்கும். எனவே உடனே எடுத்துக் கழுவி, சமையற் சோடா கரைத்த நீரில் தோய்த்து, மீண்டும் அலசி, ஈரம் போகத் துடைத்து எண்ணெய் பூசினார். சற்றே தாழ்த்தாலும் ஈர இரும்பில் துரு அரும்பிவிடும். மிகுந்த உரமேற்றிய எஃகுக்கும் சுருள்வில்லுக்கும் இம்முறை ஒவ்வாது. ஹைட்ரஜன் உட்புகுந்து அவற்றை நொறுங்கச் செய்யும்.

எஞ்சிய நீரை அவர் சாக்கடையில் விடவில்லை. சுண்ணாம்பால் அமிலத்தை முறித்து, கழிவு கொள்வோரிடம் கொடுக்கத் தனியே சேமித்தார். துத்தநாகம் கரைந்த நீர் மீனுக்கு நஞ்சு. நம் குளங்களுக்கோ நொய்யல் நீரே வரத்து. அந்நொய்யற் கரைக் கொடுமணலில்தான், நம் முன்னோர் இரும்பும் எஃகும் ஆக்கிய உலைகள் அகழாய்வில் வெளிப்பட்டன. அதே ஆறு சாயக் கழிவால் நைந்தமையால், விதிப்படி கழிவைத் தூய்மை செய்யாத திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடுமாறு 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

பற்றவைத்து முடித்ததும் அக்குழாய்க்குத் துத்தநாகம் கலந்த வண்ணம் பூசப்பட்டது. மாணவர்களே, ஒரு காப்பை நீக்குவோர் மறு காப்பு இடும் கடமையும் உடையர். ஆற்றுக்கோ நாமே காப்பு.