அரை டப்பா பிரேக் ஆயில்

எங்கள் வீட்டில் எதையும் லேசில் தூக்கிப் போட மாட்டோம். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இந்தப் பழக்கம் இன்னும் கூடிவிட்டது. பரணில் பழைய ஆணி, பெயின்ட் டப்பாவோடு பாதி தீர்ந்த பிரேக் ஆயில் டப்பா ஒன்றும் கிடந்தது. மூடி சரியாகத் திருகப்படவில்லை. இரண்டு மழைக்காலம் கடந்திருந்தது.

ஒரு ஐப்பசியில் எங்கள் மாருதி 800க்கு பிரேக் வேலை வந்தது. பட்டறையில் புது டப்பா வாங்கச் சொன்னார்கள். "வீட்டிலேயே இருக்குப்பா" என்று அதையே கொண்டுபோய்க் கொடுத்தேன். காசு மிச்சம் என்று மனசுக்குள் ஒரு பெருமை வேறு.

அடுத்த வாரம் மனைவி, பேரனோடு குமுளி போய்த் திரும்பினோம். மலை இறக்கம் முழுக்க பிரேக்கில் கால் வைத்தபடியே வந்தேன். லோயர் கேம்ப் வருவதற்குள் ஒரு வளைவில், இலவம்பஞ்சுத் தலையணையை மிதித்தது போல பெடல் அமுங்கியது. அடுத்த மிதிக்குத் தரையைத் தொட்டது. திரும்பத் திரும்ப மிதித்து, கியரைக் குறைத்து, கை பிரேக்கை மெதுவாக இழுத்து, மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். மனைவி ஒன்றும் பேசவில்லை. பேரனை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அரை மணி நேரத்தில் சூடு ஆறியதும் பெடல் பழையபடி கல்லாக நின்றது. அதை நம்பி நான் வண்டியை எடுக்கவில்லை. கூடலூரிலிருந்து மெக்கானிக் வந்து பார்த்தார்.

"பேருதான் சார் ஆயிலு. மழைக்காலத்து உப்பு ஜாடி மாதிரி ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும்" என்றார்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் பிரேக் சூடு ஏறினால், உள்ளே கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நாம் மிதிக்கிற பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஆறினால் குமிழி மறைந்து எல்லாம் சரியானது போலத் தோன்றும்.

போடியில் ஏலக்காயைக் காற்றுப் புகாமல் கட்டி வைப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். இதற்கும் அதே கவனம்தான் வேண்டும். இப்போது சின்ன டப்பாவாகத்தான் வாங்குகிறேன். திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி, மூடியை இறுகத் திருகி, ஈரமில்லாத இடத்தில் வைக்கிறேன். ஆறு மாதம் தாண்டினால் வண்டிக்கு ஊற்றுவதில்லை. பிரேக்கிலிருந்து இறக்கிய பழையதை ஒருநாளும் திரும்ப ஊற்றுவதில்லை. தண்ணீர் பாட்டிலில் மாற்றி வைப்பதும் இல்லை. அது விஷம், வீட்டில் குழந்தை இருக்கிறது. காரின் பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், இல்லையென்றால் பெயின்ட் உரிந்துவிடும். கெட்டுப்போனதைச் சாக்கடையில் கொட்டாமல் தனி டப்பாவில் பட்டறையில் கொடுத்துவிடுகிறேன்.

சிக்கனத்தை நான் விடவில்லை. ஆனால் பிரேக் விஷயத்தில் மட்டும், "மீதி இருக்கே" என்று நான் வாயெடுத்தால் மனைவி ஒரு பார்வை பார்ப்பாள். அது போதும்.