'மிஸ் பண்றேன்'னா என்ன அர்த்தம்?

பஸ்ஸை மிஸ் பண்றோம். மேட்ச்ல கேட்ச்சை மிஸ் பண்றாங்க. 'இந்த ஆஃபரை மிஸ் பண்ணிடாதீங்க'ன்னு விளம்பரம் வருது. ஊர்ல இருக்கிறவங்களையும் 'மிஸ் பண்றோம்'. ஒரே வினைச்சொல்லுக்கு எத்தனை வேலை பாருங்க!

ஸ்கூல்ல நாம கூப்பிட்ட 'மிஸ்' இந்தக் குடும்பமே இல்லை. அது 'மிஸ்ட்ரஸ்' என்பதன் சுருக்கம். வினைச்சொல்லான 'மிஸ்' வேற. பழைய ஆங்கிலத்தில் அதற்குக் குறி தவறுவது என்று பொருள். பிறகுதான் பக்கத்தில் இல்லாதவரை நினைத்து ஏங்குவதும் அதோடு சேர்ந்தது.

அதனால் 'ஐ மிஸ்டு யூ' என்பதற்கு இரண்டு அர்த்தம். பின்னாலேயே 'அட் தி ஸ்டேஷன்' என்று வந்தால், 'ஸ்டேஷன்ல உங்களைப் பார்க்க முடியாமப் போச்சு'. வெறுமனே சொன்னால் பெரும்பாலும், 'நீங்க இல்லாம ஏக்கமா இருந்துச்சு'. இன்னொரு வினை சேர்ந்தால் 'இங்' வேண்டும். 'ஐ மிஸ் ஈட்டிங் ஹோம் ஃபுட்' சரி, 'மிஸ் டு ஈட்' தப்பு.

தாத்தா இறந்த பிறகு, சித்தி பையன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அவர் போட்டோவைப் போட்டு 'மிஸ் யூ தாத்தா' என்று எழுதியிருந்தான். திருநெல்வேலியில் இருக்கும் ஆச்சி அதைக் காட்டி, "இதுக்கு என்ன அர்த்தம்ளா?" என்று கேட்டார்.

"தாத்தா இல்லாம கஷ்டமா இருக்குன்னு அர்த்தம் ஆச்சி."

"தேடுதுன்னு சொல்லு" என்றார் சட்டென்று.

அப்போதுதான் யோசித்தேன். தமிழிலும் குறி 'தவறும்', பஸ்ஸைத் 'தவறவிடுவோம்'. ஒருவர் இறந்தாலும், 'தவறிட்டார்' என்கிறோம். ஆங்கிலத்தில் 'மிஸ்' பண்ணுவது இருப்பவர். தமிழில் தவறுவது போனவர். இருப்பவருக்குத் 'தேடுது'. பக்கத்தில் இல்லை என்று தெரிந்தும் கண்ணும் காதும் தேடிக்கொண்டே இருக்கும் நிலை அது.

"எப்படி இருக்கீங்க ஆச்சி?" என்று போனில் கேட்டால், எப்போதும் ஒரே பதில்தான்: "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்." ஒரு நாள், "தாத்தாவைத் தேடுதா ஆச்சி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சாயங்காலம் காப்பி போடும்போது மட்டும் தேடும். ரெண்டு டம்ளர் எடுத்து வச்சிருதேன்" என்றார்.

அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினார். தாத்தா இறந்ததற்குப் பிறகு ஆச்சி அவரைப் பற்றி என்னிடம் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

உங்கள் வீட்டிலும் தனியாக இருக்கும் பெரியவர்கள் இருப்பார்கள். இன்று போன் போடும்போது, 'சாப்பிட்டீங்களா?'வோடு நிறுத்தாமல், 'தேடுதா?' என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.