முன் வளையத்தில் ஆறு துளைகள்

என் மாதிரி ராக்கெட் பாராசூட் விரியாமல் விழுந்ததில், அந்தப் பாராசூட்டை மடித்த பையன்மேல் தவறில்லை. அன்று மைதானத்தில் எல்லோர் காதிலும் விழும்படி நான் சொன்னது பொய். பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன். பிறகு அவன் வீட்டுக்குப் போய், அவன் அம்மா அப்பா முன்னால் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஆனால் பழி பலர் பார்க்க விழுந்தது. வீட்டுக் கூடத்தில் கேட்ட மன்னிப்பு அதற்கு ஈடாகாது என்று தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

நான் கொலராடோவில் வசிக்கிறேன். மாதிரி ராக்கெட் விடுவது இந்த மாநிலத்தில் பழைய பொழுதுபோக்கு. வெர்ன் எஸ்டெஸ் 1958-இல் டென்வரில் ராக்கெட் மோட்டார் செய்யத் தொடங்கி, பிறகு பென்ரோஸ் என்ற சிற்றூருக்குத் தொழிலை மாற்றினார். அவருக்கு முன்பே நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் காகிதத்தில் ராக்கெட் செய்து பறக்கவிட்டிருந்தார். 1957-இல் ஹாரி ஸ்டைன் என்ற பொறியாளர் அதைக் கையில் வாங்கிப் பார்த்ததும் அதன் அருமையைப் புரிந்துகொண்டார். அந்தக் காலத்துச் சிறுவர்கள் இரும்புக் குழாயில் வெடிமருந்தை அடைத்து விரலையும் கண்ணையும் இழந்துகொண்டிருந்தார்கள். காகிதம், லேசான மரம், தொழிற்சாலையில் செய்த மோட்டார், இறங்கும்போது பாராசூட் என்ற ஏற்பாடு அந்தக் குழந்தைகளைக் காப்பாற்ற வந்தது. நான் செய்த பிழை அந்த அடிப்படையையே மீறியது.

அந்தப் பிழை நடந்தது சென்டரிங் ரிங்கில். அது பார்வைக்கு ஒன்றுமே இல்லாத பொருள். மோட்டார் உட்காரும் குழாய் ஒல்லியானது. ராக்கெட்டின் உடல் குழாய் அகலமானது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு வளையங்களை ஒட்டுவோம். மோட்டாரை நட்டநடுவில் பிடித்து வைப்பதும், அதன் உந்துதலை உடலுக்குக் கடத்துவதும் அவற்றின் வேலை. உள்வட்டம், வெளிவட்டம் இரண்டையும் ஒரே ஊசித் துளையிலிருந்து வெட்டாவிட்டால் மோட்டார் சாய்ந்து உட்காரும், ராக்கெட்டும் சாய்ந்தே போகும்.

அவை வாலில் இருப்பதால் எடை பெரிய விஷயம். ராக்கெட் நேராகப் பறக்க, அதன் ஈர்ப்பு மையம் காற்றின் அழுத்த மையத்துக்கு முன்னால் குறைந்தது ஒரு குழாய் விட்டம் அளவு தள்ளி இருக்கவேண்டும். வாலில் எடை ஏறினால் ஈர்ப்பு மையம் பின்னுக்கு நகரும். அதை ஈடுகட்ட மூக்கில் களிமண் அடைப்போம். ஆக, பின்னால் கூடும் ஒவ்வொரு கிராமும் முன்னாலும் எடையைக் கூட்டும். இந்தக் கணக்கில்தான் நான் பைத்தியமாக இருந்தேன்.

வளையத்தின் எடையைக் குறைக்க நான் கண்டுபிடித்த முறையில் இப்போதும் எனக்குக் குறை தெரியவில்லை. மூன்று மில்லிமீட்டர் பிளைவுட்டில் 40 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 25 மில்லிமீட்டர் உள்விட்டமும் உள்ள வளையம் ஒன்றரை கிராமுக்கு மேல் வரும். அதற்குப் பதிலாக ஒன்றரை மில்லிமீட்டர் பால்சாப் பலகைகள் இரண்டை, ஒன்றின் நார் மற்றொன்றின் நாருக்குக் குறுக்கே போகும்படி ஒட்டுவேன். பால்சா நார் வாட்டத்தில் சட்டென்று பிளந்துவிடும், குறுக்கே வைத்தால் பிளக்காது. மேலும் கீழும் விசிட்டிங் கார்டு கனத்தில் அட்டை ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு காயவைப்பேன். வெள்ளைப் பசையை மெல்லியதாகத்தான் தடவவேண்டும், வழிந்தால் மிச்சம் பிடித்த எடை பசையிலேயே போய்விடும். இப்படிச் செய்த வளையம் முக்கால் கிராமைத் தாண்டாது. 24 மில்லிமீட்டர் டி12 மோட்டார் உச்சத்தில் சுமார் 30 நியூட்டன், அதாவது மூன்று கிலோ எடை அளவுக்கு உந்தும். அதை இந்த வளையம் தாராளமாகத் தாங்கும், ஏனென்றால் பளு பெரும்பாலும் விளிம்பில் உள்ள பசை மூட்டின் மேல்தான் விழுகிறது. ஃபோம் போர்டு இன்னும் லேசு. ஆனால் அதற்கு சூப்பர் குளூ ஆகாது, நுரையைக் கரைத்துவிடும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். வளையத்தில் துளை போட்டால் இன்னும் குறையுமே என்று ஆசைப்பட்டேன். ஒவ்வொன்றிலும் ஐந்து மில்லிமீட்டரில் ஆறு துளைகள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் மிக அழகாக இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். வரைபடம் கேட்டவர்களுக்கு அச்செடுத்துக் கொடுத்தேன். துளைகளால் மிச்சமான எடை இரண்டு வளையங்களுக்கும் சேர்த்துக் கால் கிராம்கூட இல்லை.

மோட்டார் எரிந்து முடிந்து சில விநாடிகள் கழித்து, அதன் முன்பக்கத்தில் உள்ள சிறு மருந்து வெடித்து, உடல் குழாய்க்குள் வாயுவை நிரப்பும். அந்த அழுத்தம்தான் மூக்கைக் கழற்றிப் பாராசூட்டை வெளியே தள்ளும். இரண்டு வளையங்களிலும் துளை இருந்தால் வாயு முன் வளையத்தில் நுழைந்து, நடு இடைவெளி வழியாகப் பின் வளையத்தில் வெளியேறிவிடும். குறைந்தது ஒரு வளையமாவது முழுதாக மூடியிருக்கவேண்டும் என்பது இந்தக் கலையின் முதல் பாடங்களில் ஒன்று. எனக்கு அது தெரியும். குழந்தைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வாயு வரும் வேகத்துக்கு இந்தச் சிறு ஓட்டைகள் என்ன செய்துவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒன்றில் துளை இருந்து மற்றொன்றில் இல்லாவிட்டால் ஜோடி அழகாக இருக்காது என்பதுதான் உண்மையான காரணம்.

அந்த வளையங்கள் வைத்த ராக்கெட்டை அன்று மைதானத்தில் விட்டேன், பாராசூட்டை அந்தப் பையன் மடித்திருந்தான். ராக்கெட் நேராக, மிக அழகாக ஏறியது. உச்சியில் சாய்ந்தது. மேலே லேசாகப் புகை தெரிந்தது, ஆனால் மூக்கு கழலவில்லை. அப்படியே தலைகீழாக வந்து, குழந்தைகள் உட்கார்ந்திருந்த விரிப்புக்குச் சில அடி தள்ளி மண்ணில் குத்தி நின்றது. உடல் குழாய் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடங்கியிருந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை.

முதலில் ஓடிப்போய் எடுத்தவன் நான். பின் வளையத்தைப் பார்த்தேன். ஆறு துளைகளின் ஓரத்திலும் கரி படிந்திருந்தது. வாயு எந்த வழியாகப் போனது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மடங்கிய குழாயைப் பிரித்து பாராசூட்டை எடுத்து உதறினேன், ஒரு சிக்கலும் இல்லாமல் விரிந்தது. அவன் நான் சொல்லிக்கொடுத்தபடி நன்றாகத்தான் மடித்திருந்தான்.

எல்லோரும் வந்து சேர்ந்ததும், வளையம் தெரியாதபடி ராக்கெட்டின் வாலைக் கைக்குள் பிடித்துக்கொண்டு, "பாராசூட் கொஞ்சம் இறுக்கமா மடிச்சிருக்கு போல" என்றேன்.

"அங்கிள், நான் நீங்க சொன்ன மாதிரிதான் மடிச்சேன்" என்றான் அவன்.

"பரவாயில்லப்பா, அடுத்த தடவை பாத்து மடி" என்று தோளில் தட்டினேன்.

என் குற்றத்துக்கு நான் அவனை மன்னித்தேன். துளை போட்டது பிழை, பொய் சொன்னது கோழைத்தனம், ஆனால் அந்தத் தோள்தட்டலை நினைத்தால்தான் எனக்கு இன்றும் உடம்பு கூசுகிறது. பன்னிரண்டு வயதுப் பையன் என் பெருந்தன்மைக்கு நன்றி சொல்வதுபோல் தலையாட்டினான். அதற்குப் பிறகு மைதானத்துக்கு வந்தபோதெல்லாம் பாராசூட்டை என்னிடமே நீட்டி, "நீங்களே மடிச்சிடுங்க அங்கிள்" என்றான். நானும் வாங்கி மடித்தேன், வாய் திறக்கவில்லை. சொல்லவேண்டும் என்று நினைப்பேன், யாராவது என் வளையத்தைப் பாராட்டுவார்கள், அப்படியே விழுங்கிவிடுவேன்.

என்னை ஒருவழியாக அசைத்தது வேறொருவர் காட்டிய ராக்கெட். என் வரைபடத்தை வைத்து அவரே செய்தது. முன்னால் ஆறு துளை, பின்னால் ஆறு துளை. அவருடைய மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தத் தன் முறைக்காகக் காத்திருந்தாள். அன்று அதைப் பறக்கவிடாமல் தடுத்து, காரணத்தையும் சொன்னேன். மாலையில் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் கேட்டது ஒரே கேள்வி: "அன்னைக்கே தெரியுமா அங்கிள்?" தெரியும் என்றேன். அதற்குமேல் அவன் பேசவில்லை. பேசவேண்டிய கட்டாயமும் அவனுக்கு இல்லை.

அந்த வரைபடம் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வாங்கியவர் வேறொருவருக்குக் கொடுத்திருக்கலாம். உங்களிடம் ஆறு துளை வளையம் இருந்தால், மூக்கைக் கழற்றி, மோட்டார் குழாயின் பின்வாயை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு, உடல் குழாயின் முன்பக்கத்தில் வாய் வைத்து ஊதுங்கள். பின் வளையத்தின் வழியே காற்று வந்தால் அந்த ராக்கெட்டைப் பறக்கவிடாதீர்கள். முன் வளையத்துக்கு இனிக் கை எட்டாது, ஆகவே பின் வளையத்தின் ஆறு துளைகளையும் அட்டை ஒட்டி அடைத்து, பசை முழுதாகக் காய்ந்தபின் மறுபடியும் ஊதிப் பாருங்கள்.