மீட்பு வண்டியின் ஷட்டருக்குப் பின்னால்

புது மீட்பு வண்டிகள் வந்தால் செய்தித்தாள்களில் ஒரே மாதிரிப் படம்தான் வரும். சிவப்பு வண்டிகள் வரிசையாக நிற்கும், அமைச்சர் கொடி அசைப்பார், படத்துக்குக் கீழே கோடிக்கணக்கில் ஒரு தொகை இருக்கும். மறுநாள் அந்த வண்டி எந்த நிலையத்துக்குப் போனது, அதை ஓட்டப்போகிறவர் யார், பக்கவாட்டு ஷட்டரைத் தூக்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்பதெல்லாம் செய்தியில் வராது. மாநிலங்களின் தீயணைப்புத் துறைகளை விரிவாக்கவும் நவீனப்படுத்தவும் 5,000 கோடி ரூபாய்த் திட்டத்தை 2023-இல் ஒன்றிய அரசு தொடங்கியது. ஆகவே கொடியசைக்கும் படங்களுக்கு இனிமேல் பஞ்சம் இருக்காது.

நண்பர் ஒருவர் சொல்லிவைத்ததால், சென்னையில் ஒரு நிலையத்தில் நிற்கும் அவசரகால மீட்பு ஊர்தியை அருகில் போய்ப் பார்க்க முடிந்தது. நிலையத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் அந்த வண்டியை ஓட்டுபவர் இந்தக் கட்டுரையில் வெறும் டிரைவர் அண்ணன்தான். துறையில் அவருடைய பதவிக்கு டிரைவர் மெக்கானிக் என்று பெயர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வந்தவாசிப் பக்கத்துக் கிராமம். அப்பா தச்சர். பிள்ளை ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்து, லாரிப் பட்டறையில் சில காலம் கிரீஸ் பூசிக் கிடந்து, பிறகு காக்கிச் சட்டைக்கு வந்தவர். வண்டியைப் பற்றி யார் என்ன கேட்டாலும் நிலைய அலுவலரே அவரைத்தான் கை காட்டுகிறார்.

தீயணைப்பு வண்டி என்றால் தண்ணீர் வண்டி என்றுதான் நம் நினைப்பு. மீட்பு வண்டியில் தண்ணீருக்கு முதலிடம் இல்லை. வயிறு முழுக்கக் கருவிகள். இடமும் வலமும் பின்னாலும் அலுமினிய ஷட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் இழுப்பறைகள். இரும்பு வெட்டும் கட்டர், நெளிந்த தகட்டை விரிக்கும் ஸ்ப்ரெடர், கான்கிரீட் அறுக்கும் ரம்பம், மூச்சுக்கருவி, கயிறு, ஜெனரேட்டர், உயரத்தில் விரியும் விளக்குக் கம்பம். மின் இணைப்புகளைப் பற்றி அரை மணி நேரம் விளக்கம் கிடைத்தது. எனக்குப் புரிந்ததும் கொஞ்சம், வாசகருக்குத் தேவைப்படுவது அதைவிடக் கொஞ்சம் என்பதால் அதைத் தாண்டிப் போகிறேன்.

இப்படி ஒரு வண்டி தேவை என்ற எண்ணம் நியூயார்க்கில் வலுத்தது. 1912 ஜனவரி 9 அன்று அந்நகரின் ஈக்விடபிள் கட்டடம் எரிந்தபோது, தரைக்குக் கீழே பெட்டக அறையில் சிலர் மாட்டிக்கொண்டார்கள். சன்னலில் தடித்த இரும்புக் கம்பிகள். உறைய வைக்கும் குளிரில் ஒரு தீயணைப்பு வீரர் தரையோடு படுத்துக் கையால் ரம்பம் போட்டுக் கம்பியை அறுத்தார். 1915 ஜனவரியில் சுரங்க ரயில் பாதையில் மின்கசிவு ஏற்பட, புகையில் பயணிகள் நூற்றுக்கணக்கில் மயங்கி விழுந்தார்கள். இரண்டுக்கும் பிறகுதான் அதே ஆண்டு மார்ச் 8 அன்று ‘ரெஸ்க்யூ 1’ என்ற தனிப்படை உருவானது. ஒரு கேப்டன், ஒரு லெப்டினன்ட், எட்டு வீரர்கள். அவர்களுக்குக் கிடைத்த வண்டி, மாற்றியமைக்கப்பட்ட ஒரு பழைய காடிலாக் கார். அதற்குள் புகைத் தலைக்கவசமும் இரும்பு வெட்டும் டார்ச்சும் ஏறின. இந்த ரக வண்டிகளின் முன்னோடிகளில் அந்தக் காரும் ஒன்று.

அண்ணன் முதலில் எடுத்துக் காட்டியது ஸ்ப்ரெடரை. நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு முனைகள். ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்ற அமெரிக்கர் கார்ப் பந்தய மைதானங்களுக்காக 1960-களில் உருவாக்கிய கருவியின் வழி வந்தது. பம்பை ஓடவிட்டதும் குழாய் வழியே எண்ணெய் ஏறுகிறது. அழுத்தம் 700 பார் அளவுக்குப் போகும். நம் கார் டயருக்குள் இருப்பது இரண்டு பார் சொச்சம். நசுங்கிய கதவின் கீல் பக்கம் ஒரு விரல் இடுக்கு கிடைத்தால் போதும், கொடுக்கின் முனையை அதில் செருகிக் கதவையே பெயர்த்துவிடலாம். ஆனால் புதிய கார்களில் நடுத்தூணுக்குப் போரான் கலந்த கடின எஃகு போடுகிறார்கள். பயணிக்கு அது கவசம், பழைய கட்டருக்குப் பெரிய சவால். அதைக் கடித்துப் பல் உடைந்த பிளேடு ஒன்றை அண்ணன் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். ஓரத்தில் அரைச் சந்திரன் அளவுக்குத் துண்டு போயிருந்தது.

“இதெல்லாம் அப்புறம் சார். முதல்ல கட்டை” என்றார்.

கீழ் இழுப்பறையை இழுத்தார். உள்ளே மரக்கட்டைகள். ஆப்பு வடிவம், செங்கல் வடிவம், படிக்கட்டாகச் செதுக்கியது என்று வகைவகையாக. ஒவ்வொன்றின் முதுகிலும் கயிற்றுக் கைப்பிடி, விளிம்பில் மஞ்சள் வண்ணம். மரக்கடையில் மிஞ்சிய துண்டுகளை வாங்கி அவரே இழைத்துச் செய்தவை. வண்டியோடு பிளாஸ்டிக் கட்டைகள் ஒரு செட் வந்திருக்கிறது. அது காருக்குச் சரி. கவிழ்ந்து கிடக்கும் பேருந்துக்கு எந்த மூலைக்கு?

கட்டையின் வேலையைப் புரிந்துகொள்ள, காற்றுப் பையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கனமான ரப்பர் பை அது. காற்று இல்லாதபோது வாசல் மிதியடி அளவுதான் இருக்கும். லாரிக்கும் தரைக்கும் நடுவில் நுழைத்து எட்டு பார் காற்றை விட்டால், பெரிய பை ஒன்று 20 டன்னுக்கு மேல் தூக்கும். அடியில் ஒருவருடைய கால் மாட்டியிருக்கிறது என்று வையுங்கள். பை லாரியைத் தூக்குகிறது. அந்த நேரம் பார்த்துப் பை நழுவினாலோ, குழாய் விட்டாலோ, ஏறிய லாரி மொத்தமாக அதே காலின் மேல் இறங்கும். அதனால் ஒரு அங்குலம் தூக்கினால் ஒரு அங்குலம் கட்டை. மறுபடி ஒரு அங்குலம், மறுபடி கட்டை. பாரத்தை ஏற்றுவது பை, தாங்கி நிற்பது கட்டை. நெடுஞ்சாலையில் கூட்டம் “சீக்கிரம் தூக்குங்கய்யா” என்று கத்திக்கொண்டிருக்க, குனிந்து கட்டை அடுக்குபவர் மட்டும் அவசரப்படக் கூடாது. புதிதாக வரும் பையன்களுக்கு அண்ணன் கற்றுத்தரும் முதல் பாடம் இதுதான்.

2014 ஜூன் 28 மாலை மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள், 27 பேர் மீட்கப்பட்டார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையோடு தீயணைப்புத் துறையினரும் முறை வைத்து உழைத்தார்கள். அண்ணனும் அந்தப் பணியில் இருந்தார். அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. ஒன்றை மட்டும் சொன்னார். அவ்வப்போது எல்லா இயந்திரங்களையும் நிறுத்தச் சொல்வார்களாம். ஜே.சி.பி., ஜெனரேட்டர், ரம்பம், எல்லாம். இடிபாட்டுக்குள்ளிருந்து தட்டும் சத்தமோ முனகலோ வருகிறதா என்று காது கொடுப்பார்கள். மூன்று நாட்களுக்குப் பிறகும் ஒருவர் உயிரோடு வெளியே வந்தார். “ஆஃப் பண்றதும் ஒரு வேலைதான் சார்.”

வண்டிக்குத் திரும்புவோம். எந்தக் கருவி எந்த ஷட்டருக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். உயிர் அதில்தான் ஊசலாடுகிறது. விபத்து நடந்த சாலையில் வண்டியை நிறுத்தினால் ஒரு பக்கத்தில் மற்ற வாகனங்கள் பறந்துகொண்டிருக்கும். கட்டரும் ஸ்ப்ரெடரும் அந்தப் பக்க அறையில் இருந்தால், எடுக்கப் போகிறவரே அடுத்து அடிபடுவார். கனமானது இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். மேலே வைத்தால் இரண்டு பேர் தூக்க வேண்டிய பம்பை இறக்குவதற்குள் முதுகு பிடித்துக்கொள்ளும். சில வண்டிகளில் இதெல்லாம் தலைகீழாக இருப்பதைப் பார்த்திருப்பதாக அண்ணன் சொன்னார்.

காரணத்தைத் தேடி, இப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றுக்கும் போனேன். சேசிஸ் தனியாக வந்து இறங்குகிறது. அதன் மேல் சட்டம் அடித்து, தகடு போர்த்து, அறைகளைப் பிரிக்கிறார்கள். ஃபிட்டர் ஒருவர் அலுமினியத் தட்டில் கட்டரின் உருவத்தை மார்க்கரால் வரைந்து, அதற்குத் தகுந்தபடி பிடிகளைத் திருகிக்கொண்டிருந்தார். சுத்தமான கைவேலை. கட்டர் வந்துவிட்டதா என்று கேட்டேன். இன்னும் வரவில்லை, விற்பனைப் புத்தகத்தில் இருக்கும் அளவை வைத்துத்தான் போடுகிறேன் என்றார். கருவியைச் சப்ளை செய்வது வேறு ஏஜென்சி, வண்டி கைமாறுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கருவி வந்து சேருமாம். இந்த வண்டியை ஓட்டப்போகிறவர் யாராவது வந்து பார்த்தார்களா என்றதற்கு, “அவங்க ஏன் சார் இங்க வரப்போறாங்க” என்று சிரித்தார்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. சேசிஸ் ஒருவரிடம், பாடி இன்னொருவரிடம், கருவி வெளிநாட்டுக் கம்பெனியின் உள்ளூர் ஏஜென்ட்டிடம். ஏஜென்ட் கருவியைச் செய்வதில்லை, திருத்துவதுமில்லை, பெட்டியைப் பிரித்துப் பார்ப்பதுகூட இல்லை. அவருடைய கமிஷன் மட்டும் வண்டியின் விலையில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து ஸ்ப்ரெடரில் எண்ணெய் கசிந்தால், தேவைப்படுவது உள்ளங்கையில் அடங்கும் சில ரப்பர் சீல்கள். வெளிக்கடையில் வாங்கிப் போட்டால் உத்தரவாதம் போய்விடும். ஏஜென்ட்டிடம் கேட்டால் ஸ்டாக் இல்லை, இறக்குமதி செய்ய வேண்டும் என்பார். அதுவரை கோடி ரூபாய் வண்டி, கை ஒடிந்த நிலையில் ஷெட்டில் நிற்கும். வாங்கும் காலத்தில் மட்டும் கருவிக்குப் பணம் ஒதுக்கி, அது உழைக்கும் காலத்துக்கு ஒதுக்காமல் விடுவதை நவீனப்படுத்துதல் என்று எப்படிச் சொல்வது? ஒப்பந்தப்புள்ளியில் உதிரிபாகத்தையும், பயிற்சியையும், ஓட்டுநரின் ஒப்புதல் கையெழுத்தையும் கட்டாயமாக்கினால் இடைத்தரகரின் பாதி வேலை காணாமல் போய்விடும். அதனால்தானோ என்னவோ யாரும் கட்டாயமாக்குவதில்லை.

உயரத்தின் கதை வேறு. அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரம் 177 அடி, அதாவது 54 மீட்டர். 1975 ஜூலையில் அது எரிந்தது. 2023 ஏப்ரல் 2 அன்று அதே கட்டடத்தின் மொட்டை மாடியில் பெயர்ப்பலகை தீப்பிடித்தபோது ஆட்களைக் கூண்டில் ஏற்றி உயரத்துக்குத் தூக்கும் ஸ்கைலிஃப்ட் வண்டி போய் நின்றது. சென்னையில் உள்ள பிராண்டோ ஸ்கைலிஃப்ட் ஒன்றின் எட்டும் உயரமும் 54 மீட்டர்தான். ஃபின்லாந்தின் டாம்பரே நகரில் செய்யப்படும் இயந்திரம் அது. அந்தக் கம்பெனி 112 மீட்டர் வரைக்கும் செய்கிறது.

ஆனால் கூண்டு மேலே போகும் முன் நான்கு ஜாக்குகள் தரையில் ஊன்ற வேண்டும். அவற்றை இரண்டு பக்கமும் முழுக்க நீட்டினால் நம் தெருக்கள் பலவற்றில் சாலையே மிச்சமிருக்காது. ஜாக்கின் பாதம் பாதாளச் சாக்கடை மூடியின் மேலோ, நேற்று தோண்டி மூடிய பள்ளத்தின் மேலோ விழுந்தால் என்னாகும் என்பதை எந்த ஆபரேட்டரும் சொல்லத் தேவையில்லை. மேலே மின்கம்பி, கேபிள். காற்று பலமாக அடித்தால் இறங்கிவிட வேண்டும். எட்டுகிற உயரமாக இருந்தும் போதாமல் போனதுண்டு. 2017 மே 31 அதிகாலை தியாகராய நகரில் ஏழு மாடித் துணிக்கடையின் அடித்தளத்தில் தீ பிடித்தது. மேல்மாடியில் இருந்த ஊழியர்களை மீட்டுவிட்டார்கள். தீயை மட்டும் மறுநாள்வரை அடக்க முடியவில்லை. முகப்பு முழுக்க மூடிய கட்டடத்துக்குள் வெளியிலிருந்து தண்ணீர் பாய்ச்ச வழியே இல்லை. கடைசியில் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

வண்டி வாங்குவது அரசின் வேலை. வண்டி உள்ளே வருவதற்கு வழி விடுவது நம்முடையது. உயரமான அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நுழைவாயில் குறைந்தது 6 மீட்டர் அகலமும், மேலே வளைவு கட்டியிருந்தால் 4.5 மீட்டர் உயர இடைவெளியும், தீயணைப்பு வண்டி வந்து நிற்கும் தரை 45 டன் எடையைத் தாங்கும் உறுதியும் கொண்டிருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. வண்டி வந்தும் வாசல் வளைவில் இடித்து நின்ற அனுபவம் அண்ணனுக்கு உண்டு. பெயர்ப்பலகை வைக்க அழகுக்காகக் கட்டிய வளைவு அது. கருவிகளைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியிருக்கிறார்கள்.

நீங்கள் அடுக்குமாடியில் குடியிருந்தால் அடுத்த சங்கக் கூட்டத்துக்கு ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். வாசலை அளந்து பாருங்கள், கட்டடத்தைச் சுற்றி வண்டி போக விட்ட பாதையில் எத்தனை கார்கள் நிற்கின்றன என்று எண்ணுங்கள், நடைபாதைக்கு அடியில் வாகன நிறுத்தம் இருந்தால் அந்தத் தளம் எத்தனை டன் தாங்கும் என்று கட்டியவரிடம் எழுத்தில் கேளுங்கள்.