பின்னால் அமர்பவர்

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு வீதி வழியே சீனன்குடாவுக்குப் போகிறேன் என்று சொன்னால், ஆங்கிலேயர் கட்டிவைத்த 99 எண்ணெய்த் தாங்கிகளையோ, பிறீமா மாவாலையையோ, விமானப்படைத் தளத்தையோ பார்க்கப் போவதாகவே கேட்பவர் எண்ணிக்கொள்வார். நான் தேடிச் சென்றதோ, பிரதான வீதியிலிருந்து விலகியிருந்த ஓர் ஓட்டு வீட்டின் முன்னறையை. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுடன் அங்கே பழகிப் பாடஞ் சொல்லும் இரு பெண்களின் தொழிலை அருகிருந்து பார்க்க வேண்டும் என்ற அவா நெடுநாளாக எனக்கு இருந்தது. மூத்தவர் பல வருஷம் முன்பள்ளி நடத்தியவர்; இளையவர் இத்தொழிலுக்குப் புதியவர். மூத்தவரை இவர் 'டீச்சர்' என்பார்; அவர் இவரைப் 'பிள்ளை' என்பார்.

அறையின் அமைப்பே முதலில் எனக்கு விநோதமாகப் பட்டது. குழந்தைகளுக்குரிய இடமென்றால் விளையாட்டுச் சாமான்கள் கைக்கெட்டும்படி இறைந்து கிடக்க வேண்டாமா? இங்கே அவையெல்லாம், உள்ளிருப்பது தெரியும் பிளாஸ்டிக் போத்தல்களில் மூடி இறுக்கப்பட்டு, உயரமான தட்டில் வீற்றிருந்தன. "கைக்கு எட்டினா எடுத்துக்கொண்டு போயிடுவான், எங்களிட்ட வர அவனுக்கு என்ன தேவை?" என்றார் டீச்சர். சுவரில் ஒரு நீண்ட பட்டி. அதில் அன்றைய காரியங்கள் பாய், தட்டு, ஊஞ்சல், பஸ் என்று படங்களாக மேலிருந்து கீழாக ஒட்டப்பட்டிருந்தன. முடிந்த காரியத்தின் படத்தைப் பிள்ளையே கழற்றிப் பெட்டியிற் போட வேண்டும். 1943இல் லியோ கானர் என்ற வைத்தியர் தாம் கண்ட 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய பிரசித்தி பெற்ற கட்டுரையில், எதுவும் மாறாதிருக்க வேண்டும் என்ற அவர்களுடைய தீவிர விருப்பத்தை விசேஷமாகக் குறித்திருந்தார். அடுத்து வருவது இன்னதென்று தெரிந்துவிட்டால் அந்தத் தவிப்பு எவ்வளவு தணிகிறது என்பதை, ஊஞ்சற் படத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தானாகவே பாயிற் போய் இருந்த ஒரு சிறுமியைக் கண்டபோது அறிந்தேன்.

ஆனால் நான் அதிக நேரம் அவதானித்தது, ஆறு வயது மதிக்கத்தக்க, பேச்சு இன்னும் வராத ஒரு பையன் விசுக்கோத்துக் கேட்கப் பழகியதைத்தான். விசுக்கோத்துப் பைக்கற்றின் உறையையே வெட்டி ஒட்டிய சிறு அட்டை அவன் முன்னே கிடந்தது. டீச்சர் எதிரே அமர்ந்து விசுக்கோத்தைக் காட்டினார். இளையவர் அவனுடைய முதுகுப்புறத்தில் இருந்தார். பையன் கையை நீட்டிய அக்கணமே பின்னாலிருந்து இரு கைகள் வந்து, அந்தக் கையை அட்டைக்கு வழிப்படுத்தி, எடுப்பித்து, டீச்சரின் விரித்த உள்ளங்கையிற் சேர்ப்பித்தன. "விசுக்கோத்து!" என்ற ஒரே சொல்லுடன் டீச்சர் அதைக் கொடுத்துவிட்டார். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் 1985இல் அண்டி பொண்டி, லோரி புறொஸ்ட் என்ற இருவர் வகுத்த முறை இது. முதற்படியில் ஒரு பிள்ளைக்குப் பெரியவர் இருவர் வேண்டும். பின்னால் அமர்பவர் வாய் திறக்கலாகாது. முன்னால் இருப்பவரும் 'என்ன வேணும்?' என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டுக் கேட்டுப் பழக்கினால், யாரேனும் கேட்கும் வரையில் பிள்ளை காத்திருப்பான். அவனாக வந்து சொல்வதல்லவா வேண்டியது!

"வந்த புதுசில வாயை அடக்கிறதுதான் எனக்குப் பெரிய பாடு," என்றார் இளையவர். "பிள்ளையைக் கண்டா, 'என்ன ராசா, சாப்பிட்டியா, ஏன் அழுறாய்' எண்டு தானா வந்திடும்." அன்பையும் உபசாரத்தையும் சொல்லாலேயே சொரிந்து பழகிய நம்மவர்க்கு இது லேசான காரியமன்று. போதாக்குறைக்கு, பிள்ளையின் பார்வையெல்லாம் விசுக்கோத்துக் கொடுப்பவர்மீதுதான். பின்னால் இருப்பவரை அவன் திரும்பியும் பாரான். அவருடைய சாமர்த்தியம் முழுவதும் உதவியைக் குறைப்பதில் இருக்கிறது: மணிக்கட்டைப் பிடித்த கை முழங்கைக்கு வந்து, பின் வெறும் ஸ்பரிசமாகி, இல்லாமலே போக வேண்டும். முந்தினால் பிள்ளை தடுமாறுவான். பிந்தினால் அந்தக் கையையே நம்பியிருப்பான். நான் பார்த்துக்கொண்டிருக்கையிலே ஒருமுறை, அவர் கை நெருங்குமுன் பையனின் விரல்கள் அட்டையின் ஓரத்தைக் கிளப்பின. அவர் சட்டென்று இரு கைகளையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். டீச்சரும் அதைக் கவனித்தாரெனினும் எதுவும் சொல்லவில்லை.

இடையே, பாயிலிருந்த சிறுமி திடீரென்று காதுகளைப் பொத்தினாள். சற்றுப் பின்னரே விமானத்தின் இரைச்சல் எங்களுக்குக் கேட்டது. புகையிரதத்துக்கு அவள் பயப்படுவதில்லையாம். அது நேரத்துக்கு வருமாம். (நம் புகையிரதத்தில் இத்தனை நம்பிக்கை வைத்த வேறொருவரை நான் அறியேன்.) விமானத்துக்கோ நேரமில்லை. டீச்சர் எழுந்து ஒரு காதுமூடியை அவளருகே வைத்துவிட்டு வந்தார். அவள் எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மதியத்தில் பையனின் தாயார் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்துசேர்ந்தார். மகனுக்குக் கைத்தொலைபேசியைக் கொடுத்துக் கெடுத்தவள் என்று உறவினர் சொல்வதைச் சொல்லி வருந்தினார். தாயின் அன்புக் குறைவே ஓட்டிசத்துக்குக் காரணம் என்று சென்ற நூற்றாண்டில் புரூனோ பெத்தல்ஹைம் போன்றோர் பெரும் பழியொன்றைப் பரப்பினர்; ஓட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான பேர்னாட் றிம்லாண்ட் 1964இல் நூலெழுதி, இது பிறவியிலேயே மூளையைச் சார்ந்ததென்று வாதித்து அதை மறுத்தார். அறிஞருலகம் கைவிட்ட பழி, கருவியை மட்டும் மாற்றிக்கொண்டு நம் வீட்டுத் திண்ணைகளில் உயிரோடிருக்கிறது.

"வீட்டில நான் ஒராள்தானே டீச்சர், பின்னால ஆர் இருக்கிறது?" என்று கேட்டார் அந்த அம்மா.

"மாமி இருக்கிறாவே. அவவை இருத்துங்கோ. ஆனா ஒரு சொல்லும் கதைக்கப்படாது."

"அதுதான் நடக்காத காரியம்!" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

டீச்சர் சற்று யோசித்தார். "அப்ப நீங்க பின்னால இருங்கோ. மாமி முன்னால இருந்து விசுக்கோத்தைக் குடுக்கட்டும்."